முடிவு தெரிந்த படம்

எர்மிலோ பாதினோ பதினான்கு ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். படம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் அது எந்த வகைமை, எந்த ஜானர் என்று கண்டுபிடிக்கத் தெரியாதவன் திரையரங்குக்கு வராமல் வீட்டில் படுத்துத் தூங்கலாம். குதிரையும் அகலத் தொப்பியும் வந்தால் பாட்டு வரும், பாட்டு முடிந்தால் மதுக்கடையில் சண்டை வரும், சண்டை முடிந்தால் பண்ணையார் மகளோடு கல்யாணம் வரும். சான் அமாரோ பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில் இதை அவரைப் போல நடித்துக் காட்டிச் சொல்ல ஆளில்லை. தான் நடித்துக்கொண்டிருந்த படம் என்ன வகை என்பதுதான் பாவம், மனிதருக்கு நாற்பத்திரண்டு வயது வரை பிடிபடவில்லை.

அவர் மணிக்கணக்கு ஆசிரியர். வகுப்பில் நிற்கும் மணிக்கு மட்டும் சம்பளம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் துறைத் தலைவர் அறை வாசலில் நின்று, இந்த முறை வகுப்பு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். விடுமுறையில் அவர் பல்கலைக்கழகத்தின் ஆள் கிடையாது, மருத்துவக் காப்பீடும் கிடையாது. அதனால் விடுமுறையில் காய்ச்சல் வராமல் கவனமாகப் பார்த்துக்கொண்டார். மேசை இல்லை, அலமாரி இல்லை. அவருடைய நூலகம் முழுக்க ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் காருக்குள் இருந்தது. மாணவர்கள் ஆய்வேட்டில் சந்தேகம் கேட்டால் வாகன நிறுத்தத்துக்கு அழைத்துப் போவார். மழை வந்தால் சந்தேகம் தீராது. சான் அமாரோவில் வருடத்தில் எட்டு மாதம் மழை.

அவருக்கு வேண்டியதெல்லாம் கதவு உள்ள ஓர் அறை. ஓய்வு பெற்றுப் போன ஒரு பேராசிரியரின் அறை இரண்டாம் மாடியில் பூட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊதாப் பூ பூக்கும் ஒரு ஹகரண்டா மரம். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் எர்மிலோவின் நடை தானாகக் குறையும். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, எந்தச் சுவரில் எந்தப் புத்தகம் என்று எப்போதோ தீர்மானித்துவிட்டார்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, துறையில் ராஜாக்கள் ரொட்டி வெட்டுவார்கள். வளையமாகச் சுட்ட பெரிய ரொட்டிக்குள் ஒரு சின்னக் குழந்தைப் பொம்மை இருக்கும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் என்ற சோளக் கொழுக்கட்டை வாங்கித் தர வேண்டும். நிரந்தரப் பேராசிரியர்கள் கத்தியை வைத்து மெதுவாக அழுத்துவார்கள், ஏதாவது தட்டுப்பட்டால் நாசூக்காக இரண்டு விரல் தள்ளி வெட்டுவார்கள். கடைசியில் மிஞ்சும் துண்டு எர்மிலோவுக்கு. பொம்மைக்கும் வேறு போக்கிடம் இல்லை. வருடா வருடம் துறை முழுக்க அவர் தமாலைச் சாப்பிட்டுவிட்டு, போன வருடத்து அளவு காரம் இல்லை என்று சொல்லும்.

அந்த வருடமும் பொம்மை அவர் பல்லில்தான் கடிபட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். துறைத் தலைவர் டாக்டர் எவரிஸ்தோ கின்யோனெஸ் அவர் தோளில் கை போட்டு ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். கின்யோனெஸ் ஒருவர் தோளில் கை போட்டால் அந்தத் தோளுக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். எர்மிலோவுக்கு அன்று அது உறைக்கவில்லை.

“தம்பி எர்மிலோ, நிரந்தர வேலைக்கு ஒரு அறிவிப்பு வருது. ஜானர் பாடத்துக்குத்தான். நீ கண்டிப்பா போட்டியில நிக்கணும்.”

“நானா, டாக்டர்?”

“உன்னை நினைச்சுத்தான் பேசிக்கிட்டிருந்தோம். நீ இல்லாம இது நடக்காதுப்பா. அன்னைக்கு சாம்பல் நிறத்துல ஒரு கோட் போட்டுட்டு வா. உனக்கு அது பொருத்தமா இருக்கும்.”

நிரந்தர வேலைப் போட்டிகள் எப்படி நடக்கும் என்று அந்த ஊரில் பால்காரருக்கும் தெரியும். பெயருக்குத்தான் திறந்த போட்டி. இலை போடும்போதே அதன் முன்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று தீர்மானித்திருப்பார்கள். எர்மிலோவுக்கும் இது நன்றாகத் தெரியும். பதினான்கு ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லித்தான் புலம்பிக்கொண்டிருந்தார். இந்த முறை இலை தனக்கு என்று தெரிந்ததும், அந்த ஏற்பாட்டில் உள்ள நியாயம் அவருக்கு முதன்முதலாகப் புரிந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். ஒதிலியா பல் மருத்துவர். பகலெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தானே பேசிப் பழகியவள்.

“உன் இலைதான்னு நல்லா பார்த்தியா? கின்யோனெஸ் இதுவரைக்கும் யாருக்கும் ஒரு காபி வாங்கிக் கொடுத்து நான் கேள்விப்படலையே.”

“இது எந்த மாதிரிப் படம்னு உனக்குப் புரியல ஒதிலியா. இது குத்துச்சண்டைப் படம். ஹீரோ அடி வாங்கிக்கிட்டே இருப்பான். கடைசி சுற்றுல எழுந்து நிப்பான் பாரு!”

“எனக்குத் தெரிஞ்ச குத்துச்சண்டைப் படத்துல எல்லாம் முதல்ல பல்லுதான் போகும். போச்சுன்னா என்கிட்டயே வா ராசா, முன்பல்லா பார்த்துக் கட்டி விடறேன்.”

கிண்டல் செய்தாளே தவிர, அவளும் நம்பினாள். கடையில் நின்று சாம்பல் நிற கோட்டை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். தன் அக்கா தங்கைகளை எல்லாம் போட்டி நாளன்று மாலை சாப்பிடக் கூப்பிட்டாள். கறுப்பு மோலே குழம்பு செய்வதற்கு மிளகாயை இரண்டு நாள் முன்பே வறுக்கத் தொடங்கினாள். தெருவே தும்மியது.

போட்டி என்பது தேர்வுக் குழு முன்னால் ஒரு பொது வகுப்பு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். குழுவில் மூன்று பேர். டாக்டர் அம்பாரோ தெஹேதா, வகைமை என்பது கதையின் எலும்பில் இருக்கிறது என்ற கட்சி. ஆசிரியர் ஃபிதென்சியோ ஒர்தா, எலும்பாவது நரம்பாவது, சுவரொட்டியில் என்ன போட்டு விற்கிறார்களோ அதுதான் வகைமை என்ற கட்சி. குதிரைக்காரன் படத்தில் பேய் வந்தால் அது குதிரைக்காரன் படமா பேய்ப் படமா என்பதில் இருவருக்கும் ஒருமுறை வாக்குவாதம் முற்றி, அன்று முதல் ஒரே மின்தூக்கியில் ஏறுவதில்லை. அந்தப் பேய் ஒரு பாட்டு வேறு பாடியது, அதுதான் பிரச்சினை. மூன்றாமவர் கின்யோனெஸ். அவர் எந்தக் கட்சியும் இல்லை. எது எந்த வகைமை என்று பார்வையாளர்களே முடிவு செய்கிறார்கள் என்பார். மற்ற முடிவுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வார்.

எர்மிலோ மூன்று பேரையும் திருப்திப்படுத்தும் வகையில் ஒரு வகுப்பு தயார் செய்தார். எலும்புக்குக் கொஞ்சம், சுவரொட்டிக்குக் கொஞ்சம், பார்வையாளருக்குக் கொஞ்சம். போட்டிக்கு முந்தின நாள் காரிலிருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கிப் பெட்டிகளில் கட்டினார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், இரண்டாம் மாடி அறைக் கதவின் அகலத்தை வெளியிலிருந்தே அளந்தார். மேசை நுழைய வேண்டுமே.

போட்டி நாள் காலை அரங்கத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் இன்னொரு வேட்பாளர் உட்கார்ந்திருந்தாள். ரொசாவுரா இபார்ரா. கின்யோனெஸின் பழைய மாணவி. பிரான்சில் முனைவர் பட்டம் முடித்து முந்தின வருடம்தான் திரும்பியிருந்தாள். சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மிளகாய்த்தூள் போட்ட மாங்காயைக் குச்சியால் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எர்மிலோவுக்கு அவளைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. கடல் தாண்டி வந்து தோற்க வேண்டும் என்று விதி! அவளுக்கு ஆறுதல் சொல்ல நான்கு நல்ல வாக்கியங்கள்கூட முந்தின இரவே யோசித்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டார்.

“மனசை விட்டுடாதீங்க. உங்களுக்கு இன்னும் வயசு இருக்கு.”

“எதுக்கு சார்?”

“இல்ல, இன்னைக்கு முடிவு எப்படி வந்தாலும்…”

ரொசாவுரா குச்சியை மாங்காயில் குத்தியபடியே நிறுத்தினாள். அவர் கோட்டைப் பார்த்தாள். பளபளவென்று துடைத்திருந்த ஷூவைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“சார், உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலையா?”

“என்ன சொல்லணும்?”

“ஐயோ! நீங்க தெரிஞ்சுதான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் சீக்கிரமே வந்து உக்காந்திருக்கேன். ஒரே ஒரு ஆள் மனு போட்டா போட்டி செல்லாதாம் சார். ரெண்டு பேராவது நிக்கணும். அதுக்குத்தான் உங்களைக் கேட்டிருக்கிறதா டாக்டர் சொன்னாரு. நானும் வேற ஊர்ல மத்தவங்களுக்காக ரெண்டு தடவை இப்படி நின்னிருக்கேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் செஞ்சுக்கறதுதானே… மாங்கா சாப்பிடறீங்களா?”

எர்மிலோ ஒரு துண்டு மாங்காய் எடுத்து வாயில் போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியாது. காரம் மூக்கில் ஏறியது. கண் கலங்கியதற்கு நல்லவேளையாக மிளகாய்த்தூள் இருந்தது. கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நின்ற பிறகுதான் தன்னைப் பந்தல் கம்பு பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அளவு நாடா இன்னும் அவர் பையில்தான் இருந்தது.

எழுந்து போய்விடலாம். போனால் போட்டி செல்லாது, கின்யோனெஸ் மூக்கறுபடுவார். அடுத்த பருவத்தில் எர்மிலோவுக்கு வகுப்பும் இருக்காது. கோபமும் பயமும் சரிசமமாக நின்றதால் கால் நகரவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. அவருடைய மாணவர்கள் பாதி. முன்வரிசையில் யாரெட்சி, படத்தொகுப்பு சொல்லிக்கொடுக்கும் மணிக்கணக்கு ஆசிரியை, அவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எர்மிலோ கணினியைத் திறந்தார், முதல் படத்தில் குதிரைக்காரன் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு நிமிடம் பார்த்தார். கணினியை மூடினார்.

“இன்னைக்குக் குதிரைப் படம் வேணாம். உங்க எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச வேற ஒரு ஜானரைப் பத்திப் பேசுவோம். வேலைப் போட்டி.”

கின்யோனெஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒரு ஜானர்னா முதல்ல கண்ணால பார்த்தே கண்டுபிடிக்கணும். பாருங்க. பச்சைத் துணி விரிச்ச மேஜை. மூணு தண்ணி பாட்டில், யாரும் குடிக்க மாட்டாங்க. சுவத்துல ஸ்தாபகர் படம், மூணு பேரையும் சந்தேகமாப் பார்க்கிறாரு. சாம்பல் கோட்டுல ஒருத்தன் வேர்த்துக் கொட்டி நிக்கிறான். வேர்க்காம ஒருத்தங்க வெளியில மாங்கா சாப்பிடறாங்க. இதுல யார் ஜெயிப்பாங்கன்னு கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் வேணுமா?”

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

“சரி, முடிவுதான் தெரியுமே, அப்புறம் ஏன் வந்திருக்கீங்க? அதுதாங்க ஜானர். காதல் படத்துக்குப் போறவன் ரெண்டு பேரும் சேருவாங்களான்னு பார்க்கவா போறான்? எப்படிச் சேருறாங்கன்னு பார்க்கப் போறான். போன தடவை மாதிரியே இருக்கணும், ஆனா போன தடவையே இருக்கக் கூடாது. இங்கயும் அப்படித்தான். தோக்கறவன் மட்டும் வருஷா வருஷம் புதுசு. டாக்டர் தெஹேதா சொல்ற எலும்பு அதுதான். ஆசிரியர் ஒர்தா சொல்ற போஸ்டர் வாசல்லயே ஒட்டியிருக்கு, ‘திறந்த போட்டி’ன்னு. காமெடிப் படம்னு அதைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.”

அரங்கம் அதிர்ந்தது. யாரெட்சி சிரித்துச் சிரித்து முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். எர்மிலோவுக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. பதினான்கு ஆண்டுக் கோபத்தையும் அவிழ்த்துவிட்டார். நம்பக்கூடியது என்பது வேறு, உண்மை என்பது வேறு என்றார். இந்தப் படத்தில் தகுதி உள்ளவன் ஜெயித்தால் பார்வையாளர்கள் நம்ப மாட்டார்கள், கதையில் ஓட்டை என்று எழுந்து போய்விடுவார்கள் என்றார். கடைசியில் சொன்னார்:

“இந்த ஜானர்ல எல்லாருக்கும் கதை தெரியும். ஒருத்தனுக்கு மட்டும் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சுட்டா படம் ஓடாது. இன்னைக்குத் தெரிஞ்சுடுச்சு. அவ்வளவுதான்.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எர்மிலோ மூச்சு வாங்க நின்றார். குட்டை உடைத்துவிட்டோம், இனி இவர்கள் எந்த முகத்தோடு முடிவு சொல்வார்கள் பார்ப்போம் என்று நினைத்தார்.

அதே முகத்தோடுதான் சொன்னார்கள். கின்யோனெஸ் சிரித்து வந்த கண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் எழுந்து நின்றுதான் கைதட்டினார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம். டாக்டர் தெஹேதா உற்சாகத்தில் ஒர்தாவின் கையையே பிடித்துவிட்டாள்.

“அருமை, எர்மிலோ!” என்றாள் தெஹேதா. “இதைத்தான் நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போயிட்டேன். ஒரு ஜானர் நல்லா வேர் விட்டதுக்கு அடையாளமே, அது தன்னையே கேலி பண்ணிக்க ஆரம்பிக்கிறதுதான். கேலி பண்ணினா சாகாது. இன்னும் கொஞ்ச நாள் தெம்பா ஓடும்.”

“போஸ்டர் ஜோக் பிரமாதம்,” என்றார் ஒர்தா.

ரொசாவுரா பிறகு வந்து நல்ல வகுப்பு ஒன்று எடுத்தாள். அதைக் குறை சொல்ல முடியாது, அதுதான் எர்மிலோவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேலை அவளுக்குக் கிடைத்தது. எர்மிலோவுக்குக் குழு ஒருமனதாகப் பாராட்டு தெரிவித்தது. பாராட்டுக்குக் கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒதிலியாவின் அக்கா தங்கைகள் ‘ஹோ’ என்று கத்திக் கைதட்டினார்கள். அன்று அவருக்குக் கிடைத்த இரண்டாவது கைதட்டல். ஒதிலியா அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். தங்கைகளைப் பார்த்துக் கையை இறக்கச் சொல்லிச் சைகை செய்தாள். கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, தட்டு நிறைய மோலே போட்டு முன்னால் வைத்தாள். பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் சும்மா இருந்ததில்தான் அவருக்கு அழுகை வந்தது.

அந்த வருடம் எப்போதும் போலவே போனது. புத்தகங்கள் காருக்குத் திரும்பின. இரண்டாம் மாடி அறையில் ரொசாவுரா செடி வைத்தாள். கின்யோனெஸ் ஒவ்வொரு விருந்திலும் எர்மிலோவின் வகுப்பை நடித்துக் காட்டினார், மாங்காய்த் துண்டு உட்பட. விருந்தினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதிலுக்கு எர்மிலோவுக்கு ஒரு வகுப்பு கூடுதலாகவே கிடைத்தது. இந்த அமைப்பே கேடுகெட்டது என்று முன்பு வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தவர் மாதத்துக்கு ஒருமுறை சொல்லத் தொடங்கினார்.

மறு ஜனவரி ஆறாம் தேதி ரொட்டி வெட்டினார்கள். எர்மிலோவின் துண்டில் பொம்மை இல்லை. பல்லால் இரண்டுமுறை தேடிப் பார்த்தார், இல்லை. மேசையின் அந்தப் பக்கம் யாரெட்சி “ஐயய்யோ!” என்று கத்திக்கொண்டு வாயிலிருந்து பொம்மையை எடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். எர்மிலோவும் தட்டினார்.

கின்யோனெஸின் கை அவர் தோளில் விழுந்தது.

“ஒர்தா ஓய்வு வாங்கறாரு, தம்பி. இந்தத் தடவை நிஜமாவே உனக்குத்தான். எழுதி வச்சுக்கோ. கூட நிக்க ஒரு ஆள் மட்டும் வேணும். நீயே பார்த்துப் பேசிடு, என்ன?”

முடியாது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. ஒர்தாவின் அறைக்கு மலைப்பக்கம் பார்த்த ஜன்னல் என்பதும் அதே நொடியில்தான் நினைவுக்கு வந்தது. “பேசறேன், டாக்டர்,” என்றார்.

நேர்மையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் யாரெட்சியைத் தேடிப் போனார். தனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. அதோடு அவளிடம் எதையும் விளக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்த வகுப்பில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தானே. வாயைத் திறந்தால் பாதியிலேயே புரிந்துகொண்டு, “இந்த வருஷம் தோக்கற ஆள் நானா?” என்று கேட்பாள். சேர்ந்து சிரித்துவிட்டு, உன் முறையும் வரும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாகன நிறுத்தத்தில் அவள் தன் கார்க் கதவைத் திறந்து வைத்து ஒரு மாணவனின் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பின்னிருக்கை முழுக்கப் புத்தகம்.

“யாரெட்சி, நிரந்தர வேலைக்கு ஒரு அறிவிப்பு வருது.”

“அப்படியா சார்?”

“நீ… போட்டியில நிக்கணும்னு டாக்டர் கின்யோனெஸ் நினைக்கிறாரு.”

அவள் நிமிர்ந்தாள். எர்மிலோ சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. ஆய்வேட்டை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சென்ற ஆண்டு ஜன்னல் ஓரம் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எர்மிலோவுக்குத் தோன்றியது.

“என்னையா சார்? நிஜமாவா? எங்கம்மாகிட்ட இப்பவே சொல்லணும்…”

இப்போது சொல்லிவிட வேண்டும். இதைவிட்டால் சொல்லவே முடியாது. எர்மிலோவுக்கு வெட்கமாக இருந்தது, காது மடல்வரை சுட்டது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் பேசினார்.

“நீ இல்லாம இது நடக்காதும்மா.”

அவள் காரிலிருந்து இறங்கி மழையிலேயே அவரைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, அன்றைக்கு என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டாள்.

“சாம்பல் நிறத்துல ஒரு கோட் போட்டுட்டு வா,” என்றார் எர்மிலோ. “உனக்கு அது பொருத்தமா இருக்கும்.”